குடித்தவரும் வீடு போய்ச் சேர வேண்டும், அவர் வண்டியும் போய்ச் சேர வேண்டும்

கேள்வி இது: "எங்களுடையது நடுத்தர அளவிலான ஒரு நகராட்சி. புறவழிச்சாலையில் குடிபோதை விபத்துகள் அடிக்கடி நடக்கின்றன. குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், ஒரு மருத்துவர், ஒரு தலைமையாசிரியை, ஓய்வுபெற்ற ஒரு காவல் ஆய்வாளர் எல்லோரும் சேர்ந்து ஒரு குழு தொடங்கப் பார்க்கிறோம். வெளிநாடுகளில் இப்படி ஊரும் போலீசும் சேர்ந்து செய்த முயற்சிகளால் உண்மையிலேயே விபத்து குறைந்திருக்கிறதா? மது விற்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? செலவுக்கு என்ன வழி?"

குறைந்திருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பேரணி, பேனர், உறுதிமொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு சொற்பொழிவு என்று நின்றுபோன குழுக்கள் உலகம் முழுக்க உண்டு. அவற்றால் விபத்து குறைந்ததற்குச் சான்று தேடினால் கையில் பெரிதாக எதுவும் சிக்காது. பலன் கண்ட இடங்களில் பார்த்தால், குடிப்பது தப்பு என்று புரியவைப்பதில் அவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. இராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் மதுக்கடை வாசலில் சாவியோடு நிற்கிறார். அவரும் வீட்டுக்குப் போக வேண்டும், அவருடைய வண்டியும் காலையில் வீட்டில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு வழி செய்து கொடுத்தார்கள், அல்லது ஓட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று அவரை நிச்சயமாக நம்ப வைத்தார்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் துணை வேலைதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். பீருக்குப் பேர்போன ஊர். குடிபோதையில் முதல்முறை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அங்கே அது குற்ற வழக்கே ஆகாது, அபராதமும் ஓட்டுநர் உரிம முடக்கமும்தான். அமெரிக்காவில் அப்படி இருக்கும் ஒரே மாநிலம் அது. சாலையில் தடுப்பு வைத்து வருகிற எல்லோரையும் நிறுத்திச் சோதிப்பதற்கும் அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை. ஆக, போலீஸ் பயத்தை மட்டும் நம்பி எதுவும் செய்ய முடியாத இடம். கிராமப்புறங்களில் பேருந்தும் கிடையாது, டாக்சியும் கிடையாது. மதுக்கடை ஒரு மூலையில், வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி.

அங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ராத்ஸ்சைல்டும் மாநிலப் போக்குவரத்துத் துறையும் 2000களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தார்கள். அதிகம் விபத்துக்குள்ளாகிறவர்கள் 21 முதல் 34 வயது வரையிலான ஆண்கள் என்று தெரிந்தது. அவர்களைக் கூட்டி உட்கார வைத்து, "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று அதட்டாமல், "வண்டியை எடுக்காமல் இருக்க உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். வந்த பதில்கள் நம் ஊர் பாரில் உட்கார்ந்து கேட்டாலும் வரக்கூடியவைதான். வீட்டுக்குப் போக வேறு வழியில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலையில் வந்து எடுப்பது தொல்லை. எல்லோரும் ஓட்டுகிறார்கள். பிடிபட வாய்ப்பு குறைவு. அப்புறம், நடுராத்திரியில் எல்லாருக்கும் தைரியம் அதிகம்.

இதில் முக்கியமான விஷயம், முடிவு எடுக்கும் நேரம். நாலு ரவுண்டு முடிந்த பிறகு ஒருவரிடம் நல்ல முடிவை எதிர்பார்ப்பது வீண். அவர் நிதானமாக இருக்கும் மாலை ஆறு மணிக்கே முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால் அவர்கள் 'ரோடு க்ரூ' என்ற பெயரில் நடத்திய சேவை, குடித்தவரை வீட்டில் கொண்டுவிடுவதோடு நிற்கவில்லை. வீட்டிலிருந்து அழைத்துப் போவது, ஒரு மதுக்கடையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது, கடைசியில் வீட்டில் விடுவது என்று மொத்த மாலைக்கும் பொறுப்பேற்றது. சொந்த வண்டி வீட்டிலேயே நின்றுவிடுகிறது. காலையில் போய் எடுக்கும் தொல்லையும் இல்லை, "பரவாயில்லை, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்" என்ற சபலமும் இல்லை.

இன்னொரு சங்கதியும் அந்த இளைஞர்கள் சொன்னார்கள்: எங்கள் வண்டியை விட மட்டமான வண்டியில் ஏற மாட்டோம். எனவே பழைய லிமோசின்களையும் சொகுசுக் கார்களையும் வாங்கி ஓட்டினார்கள். ஒரு மாலைக்குக் கட்டணம் 15 முதல் 20 டாலர். உள்ளூர்ச் சட்டம் அனுமதித்த இடங்களில் வண்டிக்குள்ளேயே குடிக்கவும் விட்டார்கள். விளம்பரத்தில் எங்கேயும் 'குடிக்காதே' என்று ஒரு வார்த்தை கிடையாது. ஓட்டுவதைவிட இது சுகம் என்பதுதான் செய்தி.

2002இல் டாட்ஜ்வில், டோமா போன்ற சின்ன ஊர்ப் பகுதிகளில் தொடங்கினார்கள். மதுக்கடை உரிமையாளர்கள், போலீஸ், பொதுச் சுகாதாரத் துறையினர், உள்ளூர் வணிகர்கள் எல்லோரும் குழுவில் இருந்தார்கள். எந்த வண்டி, என்ன கட்டணம், எந்தெந்த நாள் என்பதை அந்தந்த ஊர்க் குழுவே முடிவுசெய்தது. முதல் ஆண்டில் குடிபோதை விபத்துகள் 17 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். ஒரு விபத்தைத் தவிர்க்க ஆன செலவு, ஒரு விபத்தால் ஊருக்கு ஏற்படும் இழப்பில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் என்று கணக்கும் போட்டார்கள். 2008 வாக்கில் மொத்தம் 97,000க்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்திருந்தன.

"இது குடியை ஊக்குவிப்பது ஆகாதா?" என்று உடனே கேட்கத் தோன்றும். அங்கேயும் கேட்டார்கள். ஆய்வில் பார்த்தபோது, சேவையைப் பயன்படுத்தியவர்கள் முன்னைவிட அதிகமாகக் குடித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு அந்தக் கேள்வி முழுசாகத் தீரவில்லை. கல்லீரலுக்கும் குடும்பத்துக்கும் குடி செய்வதை இந்தச் சேவை தொடவே இல்லை. அது தன் வேலை என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு குழு ஒரு வேலையைத் தெளிவாக வகுத்துக்கொண்டு அதை மட்டும் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. மதுவிலக்கும் வேண்டும், விபத்தும் குறைய வேண்டும், இளைஞர்களும் திருந்த வேண்டும் என்று மூன்றையும் ஒரே நோட்டீஸில் அச்சடிக்கும் குழு மூன்றிலும் தோற்கும். உங்கள் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசித் தீர்த்துவிடுங்கள். குழுவில் மதுவிலக்கை விரும்புகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் கருத்தை விட வேண்டியதில்லை, இந்த மேசைக்கு அதைக் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

கனடாவின் கியூபெக் மாநிலம் அதே வண்டிப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தது. 1984இல் லாவல் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஜான்-மாரி டி கோனிங்க் அந்தப் பல்கலைக்கழக நீச்சல் அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். அணிக்குப் பணம் தேவைப்பட்டது. கிறிஸ்துமஸ் காலத்தில் விருந்துக்கு விருந்து குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள், காரை விட்டுவிட்டு வரச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். போன் செய்தால் மூன்று தன்னார்வலர்கள் வருவார்கள். ஒருவர் உங்கள் காரையே ஓட்டிக்கொண்டு உங்களை வீட்டில் விடுவார், இன்னொருவர் கூட உட்கார்ந்து வருவார், மூன்றாமவர் வேறொரு காரில் பின்தொடர்ந்து வந்து இருவரையும் திரும்ப அழைத்துப் போவார். கட்டணம் கிடையாது, விரும்பியதைக் கொடுக்கலாம். அந்தப் பணம் உள்ளூர் இளைஞர் அமைப்புகளுக்கும் விளையாட்டுக் குழுக்களுக்கும் போகும். 'ஆபரேஷன் நே ரூஷ்' என்று பெயர், மூக்குச் சிவந்த கலைமான் அதன் சின்னம். நாற்பது ஆண்டுகளாக டிசம்பர் மாதங்களில் நடந்துவருகிறது. சுவிட்சர்லாந்துக்கும் போயிருக்கிறது. டி கோனிங்க் பின்னாளில் கியூபெக் அரசின் சாலைப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கே தலைவரானார்.

இதில் நான் ரசிப்பது அந்த நிதி ஏற்பாட்டை. கூப்பிடுகிற ஆளுக்குக் குற்ற உணர்ச்சி வரத் தேவையில்லை, ஊர்ப் பையன்களின் அணிக்கு நன்கொடை கொடுக்கிறோம் என்ற நினைப்பில் கூப்பிடுகிறார். தன்னார்வலர்களும் குடிகாரரைக் கொண்டுவிடும் சலிப்பான வேலையாக அதைப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் அணிக்காகப் பெற்றோர், அலுவலக நண்பர்கள் என்று கூட்டமாக வருகிறார்கள். கௌரவம் குறையாமல் உதவி கேட்க ஒரு வழி இருந்தால் ஆட்கள் கேட்பார்கள்.

இனி போலீஸ் பக்கம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1994 ஏப்ரல் முதல் 1995 மார்ச் வரை ஓர் ஆண்டு முழுக்க 882 இடங்களில் வாகனச் சோதனை நடத்தினார்கள். நிறுத்திப் பார்த்த ஓட்டுநர்கள் 1,44,000க்கும் மேல். குடிபோதைக்காகக் கைதானவர்கள் 773 பேர்தான், அதாவது ஆயிரத்துக்கு ஐந்தாறு பேர். 'இவ்வளவு ஆட்களைப் போட்டு இவ்வளவுதானா' என்று எந்த அதிகாரிக்கும் தோன்றும். ஆனால் குடிபோதை மரண விபத்துகள் 20.4 சதவீதம் குறைந்தன. பிடித்ததால் குறையவில்லை, சோதனையை ஊரே பார்த்ததால் குறைந்தது. சோதனை நடக்கிறது என்பது டி.வி.யிலும் பத்திரிகையிலும் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வார இறுதியிலும் யாரோ ஒரு சொந்தக்காரர் "என்னை நிறுத்தினார்கள்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பர் 17 அன்று தொடங்கியதும் இதே தத்துவம்தான்: சந்தேகப்பட்ட ஆளை மட்டும் நிறுத்தாமல், வருகிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்வது. ஊதாமல் தப்ப முடியாது என்று ஆனபோது, நண்பர்கள் நடுவில் "வேண்டாம்டா, ஊதச் சொல்வாங்க" என்று ஒருவர் எழுந்துபோக நல்ல சாக்குக் கிடைத்தது. குடிக்க மறுப்பதற்கு மரியாதையான காரணம் தேடும் ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

உங்கள் குழு இங்கே என்ன செய்ய முடியும்? சோதனை போலீசின் வேலை, நீங்கள் சாலையில் நிற்க வேண்டாம். மாதக் கடைசியில் இலக்கை முடிப்பதற்காக ஒரே மூலையில் நின்று கேஸ் போடுவதற்குப் பதிலாக, குறைந்த நேரம், பல இடம், வாராவாரம் என்று நடத்தும்படி துணைக் கண்காணிப்பாளரிடம் பேசலாம். சோதனை நடப்பதை ஊர் முழுக்கத் தெரியச் செய்யலாம், இடத்தை மட்டும் சொல்லாமல். கேபிள் டி.வி., கோவில் திருவிழா ஒலிபெருக்கி, வாட்ஸ்அப் குழு எல்லாம் உங்களிடம் இருக்கின்றன.

போலீஸ் வேலையோடு இன்னும் பலவற்றையும் சேர்த்து ஒரே குடைக்குள் நடத்திப் பார்த்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். 1988 முதல் 1993 வரை ஆறு ஊர்களில் 'உயிர்களைக் காப்போம்' என்ற திட்டம் நடந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹிங்சன் குழு அதை மதிப்பிட்டது. ஒவ்வொரு ஊரிலும் நகர நிர்வாகத்துக்குள்ளேயே ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர், அவரோடு பொதுமக்கள், அதிகாரிகள், அமைப்புகள் சேர்ந்த ஒரு குழு. குடிபோதையை மட்டும் அவர்கள் தொடவில்லை. வேகம், சிக்னல் மீறல், பாதசாரிக்கு வழிவிடாமை, சீட் பெல்ட் எல்லாம் சேர்த்தே எடுத்தார்கள். போலீசுக்குப் பயிற்சி, வேகமாகப் போகும் வண்டியைப் பற்றிச் சொல்ல ஒரு தொலைபேசி எண், மதுக்கடைகளைக் கண்காணித்தல், பீர் பீப்பாய் வாங்குகிறவர் பெயரைப் பதிவுசெய்தல், மது இல்லாத பள்ளி விருந்து என்று ஊருக்கு ஊர் வேறுபட்ட பட்டியல்.

ஐந்தாண்டு முடிவில், திட்டத்துக்கு முந்தைய ஐந்தாண்டோடு ஒப்பிட்டால், ஆறு ஊர்களிலும் சேர்த்து மரண விபத்துகள் 178லிருந்து 120 ஆகவும், மது தொடர்புடைய மரண விபத்துகள் 69லிருந்து 36 ஆகவும் இறங்கின. அந்தக் காலத்தில் மாநிலம் முழுக்கவே விபத்து குறைந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் மரண விபத்தில் 25 சதவீதமும், மது தொடர்புடையதில் 42 சதவீதமும் கூடுதலான குறைவு. ஊர்க் கூட்டு முயற்சி என்றால் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். வேகத்தையும் சேர்த்து எடுத்தது புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன். போதையில் ஓட்டுகிறவரும் கண்மூடித்தனமாக ஓட்டுகிறவரும் பல சமயம் ஒரே ஆள்தான். தவிர, 'வேகத்தைக் குறைப்போம்' என்றால் குழுவில் சேர எவருக்கும் தயக்கம் இருக்காது.

பலன் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். 'நம் கூட்டத்தில் ஒருவர் குடிக்காமல் இருந்து மற்றவர்களை ஓட்டிப் போக வேண்டும்' என்ற பிரசாரம் 1988 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்குள்ளேயே நுழைந்து வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இதனால் விபத்து குறைந்தது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தார்கள். நடைமுறையில், 'குடிக்காதவர்' என்ற பொறுப்பு, இருப்பவர்களில் 'கம்மியாகக் குடித்தவர்' கைக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூட வகுப்புகளைப் பொறுத்தவரை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் மாணவர்கள் ஏறுவதை அவை குறைக்கின்றன. அவர்களே குடித்துவிட்டு ஓட்டுவதைக் குறைப்பதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலாவதும் சின்ன விஷயம் இல்லை. உங்கள் தலைமையாசிரியையிடம் இதைச் சொல்லுங்கள்: "அப்பா குடித்திருந்தால் வண்டியில் ஏறாதே, யாரைக் கூப்பிட வேண்டும்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது 'மது அருந்த மாட்டேன்' என்று உறுதிமொழி எடுக்க வைப்பதைவிட உருப்படியான வேலை.

மது விற்பவர்களைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் எதற்காக என்பதில் தெளிவாக இருங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில், ஏற்கெனவே நல்ல போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து அவர் போய் யாரையாவது மோதினால், கடைக்காரர் மீது நஷ்டஈடு வழக்குப் போடலாம். அங்கே கடைக்காரருக்குக் குழுவில் உட்காரச் சொந்தக் காரணம் இருக்கிறது. மாசசூசெட்ஸில் இன்னொரு நல்ல வழக்கம்: போதையில் ஓட்டித் தண்டனை பெறுகிறவரிடம், கடைசியாக எங்கே குடித்தாய் என்று நீதிமன்றம் கேட்டுப் பதிவுசெய்கிறது. அந்தப் பட்டியல் மது உரிமத்தைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குப் போகிறது. ஒரு வருடம் சேர்ந்தால் ஒரே சில கடைகளின் பெயர் திரும்பத் திரும்ப வரும். குழுவுக்கு அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில், அதாவது அரசே கடைக்காரர். ஒட்டியிருக்கும் பார்களை ஏலம் எடுத்தவர்கள் நடத்துகிறார்கள். டாஸ்மாக் மாவட்ட மேலாளரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம், வருவார் அல்லது யாரையாவது அனுப்புவார், ஆனால் கொள்கை முடிவு எதுவும் அவர் கையில் இல்லை. உங்களுக்குப் பயன்படக்கூடியவர் பார் நடத்துகிறவர். வாசலில் வண்டி நிற்கும் இடம் அவருடையது, யார் எவ்வளவு தள்ளாடுகிறார் என்பது அவர் பையனுக்குத்தான் தெரியும்.

கூட்டு இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் முயன்றால் எப்படிப் போகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றக் கோரி வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, அரசின் மேல்முறையீட்டால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இயங்கும் சண்டிகரின் ஹர்மன் சித்து தொடுத்த வழக்கும் அதோடு சேர்ந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. மக்கள்தொகை 20,000க்கு உட்பட்ட இடங்களுக்கு அது பின்னர் 220 மீட்டர் ஆனது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மட்டும் 3,300க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பெரிய வெற்றிதான். ஆனால் அடுத்து என்ன? மூடிய கடைகளுக்கு மாற்று இடம் ஊருக்குள் தேடினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் தடியடி வரை போனது. சில மாநிலங்கள் சாலையின் வகையையே மாற்றி அறிவித்துத் தப்பின. அந்த ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது. தீர்ப்பின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கடையை எங்கே வைப்பது என்று ஊரோடு உட்கார்ந்து பேச ஒரு மேசை எங்கும் இல்லை என்பதுதான் குறை. அதனால் தீர்ப்பு வந்த பிறகு ஒவ்வொருவரும் அவரவர் வழியில் இழுத்தார்கள்.

உங்கள் ஊருக்குத் திரும்புவோம். விஸ்கான்சினையும் கியூபெக்கையும் அப்படியே எடுத்து நடத்த முடியாது, ஏனென்றால் நம்மிடம் ஓடுவது கார் இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். போதையில் இருப்பவரின் காரை இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போகலாம், அவர் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டு வரலாம். பைக்கில் அது நடக்காது. தள்ளாடும் ஆளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவது ஓட்டுகிறவருக்கும் ஆபத்து. அவரை ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்றால், பைக்கை ராத்திரி முழுக்க டாஸ்மாக் வாசலில் விட அவர் சம்மதிக்க மாட்டார். திருட்டுப் பயம் நியாயமானது. காலையில் வேலைக்குப் போக அந்த வண்டிதான் வேண்டும்.

ஆகவே உங்கள் குழு தீர்க்க வேண்டிய முதல் பிரச்சினை, பூட்டி வைக்க ஓர் இடம் என்பது என் கருத்து. பாருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இயங்கும் ஒரு வண்டி நிறுத்துமிடத்தை ராத்திரியிலும் திறந்து வைத்து, டோக்கன் கொடுத்து, காலை ஐந்து மணியிலிருந்து வண்டியை எடுக்க விடலாம். ஆட்டோ சங்கத்தோடு பேசி ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஊருக்குள் ஒரே கட்டணம் என்று பலகை வைக்கலாம். ஆட்டோக்காரர்களுக்கு அந்த நேரத்தில் சவாரி குறைவு, ஒப்புக்கொள்ளக் காரணம் இருக்கிறது. வாந்தி எடுத்தால் என்ன செய்வது, காசு தராமல் தகராறு செய்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை அவர்கள் கேட்பார்கள், பதில் தயாராக வைத்திருங்கள். பார்க்காரர் முன்பணமாக ஆட்டோ டோக்கன் விற்றால் அந்தத் தகராறே வராது. முதல் ரவுண்டுக்கு முன்னாலேயே டோக்கன் வாங்கச் சொல்வது விஸ்கான்சின் பாடம்.

போலீஸை நினைத்துக் குடித்தவருக்கு ஒரு பயம் வரும்: ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னாலேயே ஊதச் சொன்னால் என்ன ஆகும்? சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவுக்கு நடந்து போகிறவரை நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே காவல் நிலையத்தோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு ஓட்டுகிறவருக்கு, ஓட்ட முயல்கிறவருக்குத்தான். வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். விஸ்கான்சினில் அது 80. இங்கே 'ஒரு பீர்தானே' என்பது சட்டப்படி செல்லாத வாதமாகிவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆட்டோ கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிப்பவருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் போதும். அதே பிரிவு கஞ்சா முதலிய போதைக்கும் பொருந்தும். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஓட்டுகிற வேன் டிரைவர்களிடம் உங்கள் மருத்துவர் தனியாகப் பேசுவதும் நல்லது. அதை யாரும் போதை என்று நினைப்பதே இல்லை.

அப்புறம், கணக்கு. அரசுப் புள்ளிவிவரத்தில் போதையால் ஏற்பட்ட மரணங்கள் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனை ஆய்வுகளில் அது பல மடங்கு. அடிபட்டு வந்தவருக்கு உடனே இரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால் சான்று போய்விடும். போதை என்று எழுதினால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்று குடும்பத்தாரும் கெஞ்சுவார்கள். எனவே போலீஸ் கணக்கை மட்டும் வைத்து உங்கள் திட்டத்தை அளக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் இரவு எட்டிலிருந்து இரண்டு மணி வரை வந்த சாலை விபத்துக் காயங்கள் எத்தனை என்று மாதாமாதம் எண்ணுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். திட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆறு மாதக் கணக்கையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது. பக்கத்து நகராட்சியின் எண்ணிக்கையும் கிடைத்தால் இன்னும் நல்லது, மாசசூசெட்ஸில் மாநிலத்தின் பிற பகுதியோடு ஒப்பிட்ட மாதிரி.

செலவு விஷயத்தில் மாசசூசெட்ஸ் கணக்கு எளிது: ஊரில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டாலர். அதில் பாதி ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கே போனது. மீதியில்தான் கூடுதல் போலீஸ் பணி, பிரசாரம், மற்றதெல்லாம். நம் குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. டி-ஷர்ட்டுக்கும் மேடைக்கும் பணம் இருக்கும், ஆட்டோ சங்கத்தோடு மூன்றாவது தடவை போய்ப் பேச ஆள் இருக்காது. உங்கள் வணிகர் சங்கம் கொடுக்கும் முதல் ஒரு லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூட பேனருக்குச் செலவழிக்காமல், சமூகப் பணி படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அதில் உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு ஓர் இருக்கை கேளுங்கள், தமிழ்நாடு அரசின் சாலைப் பாதுகாப்பு நிதிக்கு விண்ணப்பிக்க அந்த வழியாகப் போவதே சுலபம். நிறுத்துமிட வாடகையும் ஆட்டோ டோக்கன் கணக்கும் ஆறு மாதம் ஓடிய பிறகு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போனால், வெறும் கோரிக்கை மனுவோடு போவதைவிட காது கொடுத்துக் கேட்பார்கள்.